விடுமுறைக்கு முந்தைய வாரம்: சிகாகோ புறநகர்ப் பள்ளி ஒன்றிலிருந்து

ஞாயிறு, டிசம்பர் 14

சிகாகோவுக்கு வந்தவர்கள் மிச்சிகன் ஏரியையும் வானளாவிய கட்டடங்களையும் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றை நானும் பார்த்தேன், படமும் எடுத்தேன். ஆனால் இந்த வாரக் குறிப்புகள் முழுவதும், நகருக்கு மேற்கே ஒரு புறநகரில் என் பேத்தியும் பேரனும் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியைப் பற்றியவையாகவே இருக்கும். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாவுக்கு எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிக் கால் நகராது என்று மகள் கேலி செய்கிறாள். கேலி செய்தவளே பள்ளியின் தன்னார்வலர் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துவிட்டாள்.

பள்ளி முதல்வர் ஒவ்வொரு ஞாயிறு மாலையும் பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். குளிர்கால விடுமுறைக்கு முந்தைய கடைசி வாரம் என்பதால் இன்றைய கடிதம் நீளமானது. குளிர் அங்கிகளை நன்கொடையாகத் தர நாளையே கடைசி நாள். செவ்வாயன்று மூன்றாம் வகுப்பு அருங்காட்சியகம் செல்கிறது. புதன் மாலை இசை நிகழ்ச்சி. வியாழன் பிற்பகல் உணவுப் பைகள் கட்ட ஆள்கள் தேவை. வெள்ளியன்று வகுப்பறை விருந்தும் வழக்கத்துக்கு முன்பே பள்ளி விடுதலும். பிறகு இரண்டு வாரங்களுக்கு மேல் பள்ளி மூடியிருக்கும். ஜனவரி 5 ஆசிரியர்களுக்கு மட்டும், 6 முதல் மாணவர்களுக்கு.

இல்லினாய் மாநிலச் சட்டப்படி, பள்ளி மாவட்டங்கள் ஆண்டுக்குக் குறைந்தது 185 நாள்களுக்கு நாள்காட்டி வகுத்து, அவற்றில் குறைந்தது 176 நாள்களாவது மாணவர் வருகையுடன் பள்ளியை நடத்த வேண்டும். இடையில் உள்ள நாள்களில் சில, பனிப்புயலால் பள்ளி மூடினால் ஈடுகட்டுவதற்காக விடப்பட்டிருக்கின்றன. ஆகவே விடுமுறையைத் தொடங்கும்போதே ஜனவரி, பிப்ரவரியில் எத்தனை நாள் பனி பறித்துக்கொள்ளுமோ என்ற கணக்கும் நிர்வாகத்தின் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் பள்ளிகளில் டிசம்பர் நடுப்பகுதி என்றாலே அரையாண்டுத் தேர்வு. வினாத்தாள் கட்டு, தேர்வறைப் பட்டியல், விடைத்தாள் திருத்தம் என்று ஆசிரியர் அறை மூச்சுவிடாது. இங்கே தொடக்கப் பள்ளியில் தேர்வுக்கான அடையாளமே இல்லை என்பதை எதிர்பார்த்தேதான் கடிதத்தைப் படித்தேன். எதிர்பாராதது வேறொன்று. கடிதத்தின் பாதிக்கு மேற்பட்ட வரிகள் பள்ளி நடக்கும் ஐந்து நாள்களைப் பற்றியவை அல்ல; பள்ளி மூடியிருக்கும் நாள்களைப் பற்றியவை. பிள்ளைகளுக்கு அங்கி இருக்கிறதா, உணவு இருக்கிறதா, படிக்கப் புத்தகம் இருக்கிறதா, வகுப்பறையில் வளரும் கினிப் பன்றியை யார் வீட்டுக்குக் கொண்டு போவது என்று, தான் இல்லாத காலத்துக்கான ஏற்பாட்டைப் பள்ளி இந்த வாரம் முழுவதும் செய்யப் போகிறது.

திங்கள், டிசம்பர் 15

இந்நாட்டில் பள்ளிக்குள் நுழைவது எளிதன்று. பூட்டிய கதவின் முன் நின்று பொத்தானை அழுத்தி, கேமராவைப் பார்த்துப் பெயரையும் வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே அலுவலகத்தில் என் கடவுச்சீட்டை வாங்கி, பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டுடன் பெயரை ஒப்பிட்ட பிறகே படத்துடன் கூடிய ஒட்டுச்சீட்டு ஒன்றைச் சட்டையில் ஒட்டிக்கொள்ளத் தந்தார்கள். கதவு திறந்தே கிடக்கும் பள்ளிகளில் வாழ்நாளைக் கழித்தவளுக்கு இது சற்று உறுத்தியது. ஆனால் இந்த நாட்டின் பள்ளிகளில் நடந்த துப்பாக்கிச் சூடுகளை நினைத்தால் அலுவலக உதவியாளரைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

எனக்குத் தரப்பட்ட வேலை அங்கிகளைப் பிரித்து அடுக்குவது. உடற்பயிற்சிக் கூடத்தின் மூலையில் மலைபோல் குவிந்திருந்தவற்றில் பற்சங்கிலி (ஜிப்) வேலை செய்கிறதா, பையில் ஏதேனும் விட்டுப் போயிருக்கிறதா என்று பார்த்து, அளவுவாரியாக நாங்கள் நான்கைந்து பேர் பிரித்தோம். குளிர் அங்கி இங்கே அலங்காரப் பொருளன்று, பாடநூல் போல அடிப்படைத் தேவை. காற்றின் கடுமையையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் ஃபாரன்ஹீட்டில் சுழியத்துக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால்தான் இப்பள்ளியில் இடைவேளையை உள்ளே நடத்துகிறார்கள். அதற்கு மேலே இருந்தால் பிள்ளைகள் வெளியே ஓடியாட வேண்டும். சரியான அங்கி இல்லாத பிள்ளை சுவரோரம் ஒதுங்கி நிற்பதை மேற்பார்வை ஆசிரியர் கவனித்து, செவிலியரிடம் சொல்லி, பெயர் வெளியே தெரியாமல் ஒன்றை வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். பெயர் தெரியாமல் என்பதுதான் இதில் அருமையான பகுதி. நன்கொடையை மேடையில் ஏற்றி, வாங்கும் பிள்ளையின் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுக்கும் பழக்கத்தை நம் ஊரில் பலமுறை பார்த்து முகம் சுளித்திருக்கிறேன்.

அதே கூடத்தில் தவறவிட்ட பொருள்களுக்கென ஒரு மேசை. ஒற்றைக் கையுறைகள், தொப்பிகள், தண்ணீர்ப் புட்டிகள், ஒரு கால் செருப்புகூட இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் உரியவர் எடுக்காதவை அனைத்தும் அறக்கொடைக்குப் போய்விடும். நுழைவாயிலருகே பொம்மைகளுக்கான பெட்டியும் இருந்தது. அமெரிக்க ஆயுதப் படைகளில் ஒன்றான மரைன் படையின் துணைப்படையினர் 1947ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ‘டாய்ஸ் ஃபார் டாட்ஸ்’ என்னும் திட்டத்துக்கானது அது. படைவீரர்கள் பொம்மை திரட்டுவதை நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் பெட்டி நிரம்பியிருந்தது.

இந்த வேலைகளையெல்லாம் ஒருங்கிணைப்பது பெற்றோர் ஆசிரியர் சங்கம். தேசிய அளவில் இதன் வேர் 1897ஆம் ஆண்டு ஆலிஸ் மெக்லெல்லன் பர்னி, ஃபீபி ஆப்பர்சன் ஹர்ஸ்ட் என்னும் இருவர் வாஷிங்டனில் கூட்டிய தாய்மார் மாநாட்டில் இருக்கிறது. தென்மாநிலங்களில் பள்ளிகள் நிறவாரியாகப் பிரிந்திருந்த காலத்தில், செலீனா ஸ்லோன் பட்லர் கறுப்பினப் பெற்றோருக்கெனத் தனித் தேசிய அமைப்பை 1926இல் உருவாக்கினார். இரண்டும் ஒன்றானது 1970இல்தான். என்னுடன் அங்கி மடித்த பெண்மணி ஒருவர் இதை எனக்குச் சொல்லிவிட்டு, இன்றும் வேலைக்குப் போகாத, அல்லது நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ள முடிந்த தாய்மார்களின் தோளில்தான் சங்கம் நிற்கிறது என்றார். சுற்றிப் பார்த்தேன்; பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஆண் ஒருவர் மட்டுமே.

செவ்வாய், டிசம்பர் 16

இன்று மார்கழி முதல் நாள். திருப்பாவை சொல்லிவிட்டுச் சன்னலைத் திறந்தால் கும்மிருட்டு. இந்த மாதத்தில் இங்கே சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் எழுகிறது, மாலை நாலரைக்குள் மறைந்துவிடுகிறது. அந்த அரையிருளில் பேத்தியின் வகுப்போடு மஞ்சள் பேருந்தில் ஏறினேன்.

அந்த மஞ்சள் தற்செயலாக வந்ததன்று. கிராமப்புறக் கல்வியில் ஈடுபட்டிருந்த ஃபிராங்க் சைர் என்பவர் 1939ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஒரு மாநாட்டைக் கூட்டி, பள்ளிப் பேருந்துகளுக்கு 44 தரவிதிகளை வகுக்கச் செய்தார். நாட்டின் சில பகுதிகளில் குதிரை வண்டியில்கூடப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. விடியற்காலை மங்கலிலும் கறுப்பு எழுத்துகள் தெளிவாகத் தெரியும் நிறம் என்பதால் இந்த மஞ்சளைத் தேர்ந்தார்கள். பேருந்து நின்று, பக்கவாட்டில் ‘நில்’ பலகை விரிந்தவுடன், இருவழிச் சாலையில் இரு திசை வண்டிகளும் அசையாமல் நிற்கின்றன. எத்தனை அவசரக்காரரானாலும் ஒரு சிறுமி சாலையைக் கடக்கக் காத்திருப்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

நாங்கள் சென்றது நகரின் தென்பகுதியில், ஜாக்சன் பூங்காவில் இருக்கும் கிரிஃபின் அறிவியல் தொழில்துறை அருங்காட்சியகம். 1893ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கு நுண்கலை மாளிகையாகக் கட்டப்பட்ட கட்டடம் இது. அதே கண்காட்சியையொட்டி அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த சமயப் பேரவையில்தான் விவேகானந்தர் பேசினார். சென்னை அன்பர்கள் திரட்டிய பணமும் அவர் பயணத்துக்கு உதவியது. அவர் பேசிய கட்டடம் மிச்சிகன் அவென்யூவில் இருக்கிறது, இப்போது அது கலைக்கூடம். பேத்தியிடம் இதைச் சொல்லத் தொடங்கியபோது அவள் ஏற்கெனவே படிக்கட்டில் பாதி ஏறியிருந்தாள்.

விடுமுறைக் காலத்தில் வகுப்புகள் இங்கே வருவதற்குக் காரணம் உள்ளே நடுமாடத்தில் நிற்கும் நான்கு மாடி உயரக் கிறிஸ்துமஸ் மரமும், அதைச் சூழ்ந்து நிற்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மரங்களும். போர்க்காலத்தில், 1942இல், நேச நாடுகளை முன்னிட்டு ஒரே ஒரு மரத்துடன் தொடங்கிய வழக்கம் இது. இன்று ஒவ்வொரு மரத்தையும் சிகாகோ வட்டாரத்தில் வாழும் ஒவ்வொரு சமூகத்தினர் தங்கள் நாட்டு வழக்கப்படி தாங்களே வந்து அலங்கரிக்கிறார்கள். வைக்கோலால் செய்த நட்சத்திரங்கள் ஒன்றில், காகிதக் கொக்குகள் மற்றொன்றில். எட்டு வயதுப் பிள்ளைகள் எந்த மரம் எந்த நாடு என்று தாளில் குறிக்க வேண்டும். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் தங்கள் தாத்தா பாட்டியின் நாட்டைத் தேடி ஓடினார்கள்.

என் பொறுப்பில் ஐந்து பிள்ளைகள். அவர்களுக்கு மரங்கள் அரைமணி நேரத்தில் அலுத்துவிட்டன. 1944இல் அமெரிக்கக் கடற்படை பிடித்த ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் யு-505 கீழே முழுதாக நிற்கிறது. அதனருகிலிருந்து அவர்களைப் பெயர்த்து மதிய உணவுக்கு அழைத்துவருவதற்குள் தலைமையாசிரியையாக இருந்த காலத்துக் குரலை ஒருமுறை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அனுமதிக் கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகளுக்குச் சங்கமே கட்டிவிட்டது என்றும், யார் என்பது அலுவலகத்துக்கு மட்டுமே தெரியும் என்றும் திரும்பும் வழியில் வகுப்பாசிரியை சொன்னார்.

புதன், டிசம்பர் 17

காலையில் நூலகத்தில் புத்தகம் அடுக்கச் சென்றிருந்தேன். பள்ளி தொடங்கியதும் ஒலிபெருக்கியில் நாட்டுக்கொடிக்கான உறுதிமொழி. இல்லினாயில் நாள்தோறும் இதைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆனால் எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1943ஆம் ஆண்டிலேயே, உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, தீர்ப்பளித்துவிட்டது. ஒரு சிறுவன் மட்டும் உட்கார்ந்தபடி படம் வரைந்துகொண்டிருந்தான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து மணியளவில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. ஒத்திகைதான், முன்னறிவிப்பு இல்லாத ஒத்திகை. அங்கியை எடுக்க யாருக்கும் அனுமதியில்லை. வரிசையாக வெளியேறி, உறைபனி படிந்த புல்வெளியில் வகுப்புவாரியாக நின்று, ஆசிரியர்கள் தலை எண்ணி, பச்சை அட்டையை உயர்த்திக் காட்டி, ஐந்து நிமிடத்தில் உள்ளே திரும்பினார்கள். ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வெளியேற்ற ஒத்திகைகள், கடுங்காற்றுக்கென ஒன்று, பேருந்திலிருந்து வெளியேற ஒன்று, ஆயுதம் தாங்கியவர் நுழைந்தால் கதவடைத்துக்கொள்ள ஒன்று என்று மாநிலச் சட்டம் வகுத்திருக்கிறது.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னே ஒரு டிசம்பர் இருக்கிறது. 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவின் அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் கத்தோலிக்கப் பள்ளியில் தீப்பிடித்து 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். திறந்த மாடிப்படி வழியே புகை மேல்தளத்தை நிறைத்துவிட்டது. மேலே இருந்தவர்களுக்குச் சன்னல் தவிர வழியில்லை. அதன் பிறகே நாடெங்கும் பள்ளிகளில் நீர்த்தெளிப்பான்களும், மூடிய படிக்கட்டுகளும், தீயணைப்பு நிலையத்துடன் நேரடியாக இணைந்த எச்சரிக்கை மணியும் பரவின. புல்வெளியில் நடுங்கியபடி நின்றபோது நான் நினைத்தது கும்பகோணத்தை. 2004 ஜூலை 16, 94 பிள்ளைகள். அந்த ஆண்டு என் பள்ளியின் கூரை வேய்ந்த வகுப்பறைகளை இடிக்க ஆணை வந்தபோது, மாற்று அறை வரும்வரை மரத்தடியில் வகுப்பு நடத்தினோம். விதிகள் எல்லா நாட்டிலும் இப்படித்தான் பிறக்கின்றன போலும். அவை பிறந்த காரணத்தை மறந்து எரிச்சலோடு கடைப்பிடிக்கப்படும் நாளும் எல்லா நாட்டிலும் வரும். ஆனால் ஐந்து நிமிடத்தில் மொத்தப் பள்ளியும் வெளியே நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

மாலை ஆறரைக்கு இசை நிகழ்ச்சி. சிற்றுண்டிக் கூடமும் மேடையும் ஒன்றாக அமைந்த அறையில் மடக்கு நாற்காலிகள் போதாமல் தாத்தாக்கள் சுவரோரம் நின்றார்கள். ஐந்தாம் வகுப்பின் ஊதுகருவிக் குழு செப்டம்பரில்தான் கருவியைக் கையில் எடுத்ததாம். அது நன்றாகவே கேட்டது, அதாவது செப்டம்பரில் எடுத்தது என்பது நன்றாகவே கேட்டது. நான்காம் வகுப்பு ரெக்கார்டர் குழலில் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தது. மழலையர் வகுப்பு மேடைக்கு வந்ததும் என் பேரன் எங்களைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, பாட்டு முடியும்வரை பாடாமல் கையசைத்துக்கொண்டே இருந்தான்.

நான் கவனித்துப் பார்த்தது பாட்டுப் பட்டியலை. பனியைப் பற்றி இரண்டு, யூதர்களின் ஹனுக்கா விழாவுக்கு ஒன்று, ஸ்பானிய மொழியில் ஒன்று, கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று, குவான்சாவுக்கு ஒன்று. இவ்வாண்டு ஹனுக்கா கடந்த ஞாயிறு மாலை தொடங்கியது. ஆகவே அந்தப் பாட்டைப் பாடிய பிள்ளைகளில் சிலர் வீட்டுக்குப் போய், மாலைக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றும் விளக்குகளில் நான்காவதை ஏற்றியிருப்பார்கள். குவான்சா என்பது மவுலானா கரெங்கா 1966ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் உருவாக்கிய ஆப்பிரிக்க அமெரிக்கர் பண்டிகை, டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை. அரசுப் பள்ளி எந்தச் சமயத்தையும் பரப்பக் கூடாது என்பது இங்கே அரசியல் சட்ட விதி. 1962இல் அரசு எழுதித் தந்த பொதுப் பிரார்த்தனையைப் பள்ளியில் சொல்லவைப்பதையே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. அப்படியானால் கிறிஸ்துமஸ் பாட்டு எப்படி என்ற வழக்கு தென் டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரிலிருந்து வந்தது. பண்பாட்டுக் கல்வியின் பகுதியாக, விவேகத்தோடும் நடுநிலையோடும் நடத்தினால் சமயப் பாடல்களும் இடம்பெறலாம் என்று 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இன்று மாலை நான் கேட்ட பட்டியல் ஏறத்தாழ அந்தத் தீர்ப்பின் பாட்டு வடிவம்.

இப்படிப் பங்கிட்டுப் பாடுவதில் ஒரு செயற்கைத் தன்மை இருக்கிறது என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். இருக்கிறதுதான். எல்லாப் பிள்ளைகளும் இறைவணக்கத்தில் ஒரே பாட்டைப் பாடிய பள்ளிகளில், உதட்டை மட்டும் அசைத்து நின்ற சில பிள்ளைகளை எனக்கு நினைவிருக்கிறது. அதைவிட இந்தச் செயற்கை மேல்.

வியாழன், டிசம்பர் 18

குளிர் சற்றுத் தணிந்து மழை. எல்லாப் பிள்ளைகளும் இரவு உடையில் பள்ளிக்கு வரும் நாள். ஆசிரியர்களும் முதல்வரும்கூட அப்படியே வந்திருந்தார்கள். இதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. மரியாதை என்பது உடையில் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிற்பகல் உணவுப் பைகள் கட்டினோம். இந்த வாரத்தில் நான் செய்த வேலைகளில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான்.

இந்நாட்டின் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1946இல். குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் உணவு இலவசம். 185 விழுக்காடு வரை குறைந்த கட்டணம். காலை உணவு 1966இல் சோதனையாகத் தொடங்கி 1975இல் நிலையானது. நாள்தோறும் ஏறத்தாழ மூன்று கோடிப் பிள்ளைகள் பள்ளியில் மதிய உணவு உண்கிறார்கள். செல்வம் கொழிக்கும் நாடு என்று நாம் நினைக்கும் இங்கே, பெரிய வீடுகள் நிறைந்த இந்தப் புறநகரிலேயே, பள்ளி மூடினால் மதிய உணவு கேள்விக்குறியாகும் வீடுகள் இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு 2024 முதல் பிள்ளைக்கு 120 டாலர் வீதம் உணவு வாங்கும் அட்டை தரும் திட்டம் நிலையாக வந்திருக்கிறது, எல்லா மாநிலங்களும் அதில் சேரவில்லை என்றாலும். குளிர்கால விடுமுறைக்கு அத்தகைய அட்டை இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இந்தப் பைகள்.

வழக்கமாக வெள்ளிதோறும் வார இறுதிக்கான சிறு பையைப் பிள்ளையின் முதுகுப்பைக்குள் வைத்து அனுப்புவார்களாம். அந்த யோசனை 1990களின் நடுவில் அர்கன்சா மாநிலத்தில் ஒரு பள்ளிச் செவிலியரிடமிருந்து வந்தது. தலைவலி, வயிற்றுவலி என்று தன்னிடம் வரும் பிள்ளைகளுக்கு உண்மையில் பசிதான் நோய் என்று கண்டு, அவர் உணவு வங்கியிடம் உதவி கேட்டார். அதுவே பின்னர் நாடு முழுவதும் உணவு வங்கிகளின் முதுகுப்பைத் திட்டமாக வளர்ந்தது. இந்த முறை இரண்டு வாரத்துக்கு என்பதால் பைகள் பெரியவை: ஓட்ஸ், அரிசி, டின்னில் அடைத்த பீன்ஸ், டுனா மீன், வேர்க்கடலை வெண்ணெய் அல்லது ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சூரியகாந்தி விதை வெண்ணெய், ஆப்பிள் கூழ், பாஸ்தா, காய்ச்சிக் கெடாதபடி அடைத்த பால். பிள்ளை தானே திறந்து சாப்பிடக்கூடியவை மேலே இருக்க வேண்டும் என்றார் சமூகப்பணியாளர், பெற்றோர் இரண்டு வேலை பார்க்கும் வீடுகளில் அடுப்பு பற்றவைக்க ஆள் இருக்காது என்பதால். கனமான டின்கள் அடியில் போனால் பை கிழியும் என்பதால் இரட்டைப் பை. மேலே ஒரு நீல வண்ணக் காகிதம். அதில் விடுமுறையில் திறந்திருக்கும் உணவு வங்கிகளின் நேரம் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும்.

என் தலைமுறை ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920இல் நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கி, 1956இல் காமராஜர் மாநிலமெங்கும் விரித்து, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கி, 2022இல் காலை உணவும் சேர்ந்த வரலாறு நமக்குப் பாடம் அல்ல, வேலை. திங்கட்கிழமைகளில் சத்துணவுக்கான வரிசை மற்ற நாள்களைவிட நீளமாக இருப்பதையும், இரண்டாம் முறை சோறு கேட்கும் கைகள் அதிகமாவதையும் பார்க்காத தலைமையாசிரியர் யார்? விடுமுறை என்றால் சமையல்கூடமும் பூட்டு. அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள் பிள்ளைகளுக்குப் பையில் ஏதேனும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை; நம்மிடம் ரேஷன் கடை அரிசி இருந்தது என்பது ஒரு காரணம். அரசு தர வேண்டியதைப் பெற்றோர் சங்கம் ஈரமனத்தோடு தருவது மகிழ்ச்சிக்குரியதா, வருத்தத்துக்குரியதா என்று சமூகப்பணியாளரிடம் கேட்டேன். அவர் டேப்பைக் கிழித்தபடியே, “இப்போது அந்தக் கேள்விக்கு நேரமில்லை, ஜனவரியில் பேசலாம்” என்றார்.

வெள்ளி, டிசம்பர் 19

வகுப்பறை விருந்துக்குக் கடையில் வாங்கிய, உட்பொருள் அச்சிட்ட உணவு மட்டுமே. கடலை மிட்டாய் செய்து தருகிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டு மகள் பதறினாள். எள்ளுருண்டையாவது என்றால் அதுவும் கூடாது. முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்பதாவதாக எள்ளையும் 2023 முதல் அடைப்புறையில் குறிக்க வேண்டும் என்பது சட்டம். பொட்டலப் பிஸ்கட்டோடு விருந்து முடிந்தது.

பிள்ளைகள் பேருந்து ஓட்டுநர், சாலையைக் கடக்க உதவுபவர், உணவுக்கூடப் பணியாளர்கள், துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்கு வாழ்த்து அட்டைகளை நேரில் கொண்டு போய்க் கொடுத்தார்கள். நூலகர் வழக்கமான இரண்டு புத்தகங்களுக்குப் பதில் ஆறு எடுத்துப் போகலாம் என்றார். பேத்தி ஆறையும் கொம்புக் குதிரைக் கதைகளாகவே எடுத்தாள், நான் தலையிடவில்லை. கினிப் பன்றியைக் கூண்டோடு ஒரு சிறுவனின் அப்பா சுமந்து போனார். உரியவரில்லாத கையுறைகள் அறக்கொடைப் பெட்டிக்குப் போயின. துப்புரவுப் பணியாளருக்கு மட்டும் விடுமுறை பாதிதான்: காலியான கட்டடத்தில் தரைக்கு மெழுகு பூச இதுவே நேரம், அத்துடன் குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்காதபடி வெப்பத்தைக் கவனிக்கவும் வேண்டும்.

உணவுப் பைகள் பிள்ளைகளின் கண்ணில் படவில்லை. பேருந்தில் போகிறவர்களுக்கு அது கனம் என்பதால், பள்ளி விட்ட பிறகு பின்வாசலில் பெற்றோர் காரை நிறுத்தினால் பின்பெட்டியில் வைத்துவிட ஏற்பாடு. கார் இல்லாத வீடுகளுக்குச் சமூகப்பணியாளரும் இரண்டு ஆசிரியர்களும் தங்கள் வண்டியில் கொண்டு போனார்கள். எஞ்சிய சில பைகளை நகரின் உணவு வங்கிக்கு எடுத்துச் சென்றோம்; அங்கே 23ஆம் தேதி காலை ஆள் குறைவு என்று சொன்னதால் மகளும் நானும் பெயர் கொடுத்துவிட்டு வந்தோம். நயாகராப் பயணம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அடுத்த குறிப்பு அங்கிருந்து.